ஆணி இறங்காத சுவர்

எண்பதுகளின் நடுவில், லண்டன் ஆர்ச்வே மேட்டில் ஒரு கோணல் வீட்டின் மேல்மாடி முன்னறையில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். மாடி தெருப்பக்கம் ஒரு முழம் வெளியே தள்ளி நிற்கும். தரையில் தோடம்பழத்தை வைத்தால் ஜன்னலடிக்கு உருண்டு போகும். ஜன்னல் இடுக்கால் வரும் காற்று நேரே கட்டிலில் ஏறும். வீட்டுக்காரர் எங்கள் பக்கத்து ஊர்தான். முறையிட்டால் சிரிப்பார்.

“லண்டனிலை குளிர் வராமல் வெயிலோ தம்பி வரும்? போத்திக்கொண்டு படும்.”

முருகன் படம் மாட்டப் போய்த்தான் விஷயம் வெளிப்பட்டது. மூன்று ஆணி அடித்தேன், மூன்றும் வளைந்தன. கோபத்தில் சுவர்த்தாளைக் கிழித்தேன், சாந்தும் பெயர்ந்தது. உள்ளே கறுத்து இறுகிய ஓக் மரத் தூண். குறுக்குச் சட்டத்தை அதில் செருகி மர முளையால் இறுக்கியிருந்தார்கள். மருந்துக்கும் ஓர் இரும்பாணி இல்லை. பொருத்தில் தச்சன் உளியால் வெட்டிய அடையாளக் கோடுகள். தூண்களுக்கு நடுவே பின்னிய கம்பும் வைக்கோல் கலந்த மண்ணும்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“உந்தச் சுவரை மூடும். இவ்வளவு பழைய வீடெண்டு கவுன்சில் அறிஞ்சால் ஒரு தடியையும் அசைக்க விடாங்கள்.”

வீட்டை இடித்து பிளாட் கட்டுவது அவர் எண்ணம். அடுத்த கிழமையே எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். மனைவிக்கு எட்டாம் மாதம். பிள்ளை பிறக்கும் மட்டும் பொறுங்கோ அண்ணை என்று கும்பிட்டேன். “ஏலாது தம்பி” என்று கதவைச் சாத்தினார். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். மோர்டனில் தெரிந்தவர் வீட்டு ஹோலில் பாய் விரித்தோம். என் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பாய்க்குத்தான் வந்தாள்.

விடுவேனா? பாய் விரித்த அன்றே எந்த மூலை, எந்தத் தூண், எத்தனை முளை என்று படம் கீறிக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். பெயர் போடவில்லை. வீடு பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் ஏறியது. தபால்பெட்டியில் போட்ட கையை இன்றைக்கும் மெச்சுகிறேன்.

சில வருடம் கழித்து, மகளோடு போன கோயிலில் அவரைக் கண்டேன். கழுத்தில் மஃப்ளர், ஓயாத இருமல்.

“எந்த நாசமறுப்பான் எழுதினவனோ தம்பி, கவுன்சிலாலை வந்தவள் நேரே அந்த மூலைக்குத்தான் போனவள். இடிக்கவும் ஏலாது, ஜன்னல் மாத்தவும் ஏலாது. வாங்கவும் ஆளில்லை, வாடகைக்கும் ஆளில்லை. நான்தான் உங்கடை முன்னறையிலை கிடக்கிறன். என்ன காத்தடா அது!”

விபூதியை நெற்றியில் ஆறுதலாகப் பூசிக்கொண்டேன்.

“லண்டனிலை குளிர் வராமல் வெயிலோ அண்ணை வரும்? போத்திக்கொண்டு படுங்கோ.”

அவர் இருமலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் அந்தப் பாய்க்கு வந்த மகளைத் தூக்கிக் காட்டினேன்.