சின்ன வெள்ளை மாத்திரை

டி.பார்ம் படித்துவிட்டு மூன்று மாதப் பயிற்சிக்கு நான் போனது திருவொற்றியூரில் ஒரு மருந்துக் கடைக்கு. அங்கே முதல் வேலையே செட் கட்டுவதுதான். உடம்புவலி என்று யார் வந்தாலும் நாலைந்து மாத்திரையைப் பிய்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டும். டாக்டர் சீட்டும் கிடையாது, மாத்திரையின் பேரும் கிடையாது. அதில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. வலி பறந்துவிடும், உடம்பு உள்ளுக்குள் கெடும். இந்த லட்சணத்தில் முதலாளிக்குக் கைராசிக்காரர் என்று பேர் வேறு. எனக்கு வயிறு எரியும்.

மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒரு வருஷமாகத் தினமும் செட் வாங்கினார். முகம் உப்பிப் பளபளவென்று இருக்கும். "பாத்தியா, பூசினாப்ல கீறேன்" என்று சிரிப்பார்.

அது ஸ்டீராய்டு வீக்கம் என்று முதலாளியிடம் சொன்னேன். "படிச்சத பரீட்சைல எழுது. இங்க சொன்னத கட்டு" என்றார். அந்த ஆத்திரத்தில் அக்காவின் செட்டிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்துவிட்டுச் சத்து மாத்திரையை வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏதோ சாதித்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் அக்கா மீன்கூடை பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். அவர் தங்கை கடைக்கு ஓடிவந்தாள். "இன்னா மாத்திரை குட்த்தீங்கோ? ஆஸ்பத்திரில டாக்டர் கேக்குறாரு!"

"சத்து மாத்திரைதாம்மா" என்றார் முதலாளி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாள்பட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கிய மேதாவி நான்!

"வாயத் தொறந்தே, பயிற்சிக்குக் கையெழுத்து கிடையாது" என்று முதலாளி பல்லைக் கடித்தார். போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டினேன். "நீங்க யாரும்மா?" என்றார். "பார்மசிஸ்ட்" என்றேன். அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஊசி போட்டு அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். முதலாளி கையெழுத்துப் போடவில்லை. வேறு கடையில் முதலிலிருந்து மூன்று மாதம் நின்றேன். அந்த ஆள் மேல் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு அக்கா கண் விழித்து நடந்ததைக் கேட்டதும் என்னைத்தான் முறைத்தார்.

"அவரு சொல்லாம குட்த்தாரு. நீ சொல்லாம எட்த்துட்டே. ஒடம்பு என்னுதாச்சேம்மா, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"