தெருப்பக்க அறை

எதெல்கா யார் முகத்தையும் பார்ப்பதில்லை, முழங்காலைப் பார்க்கிறாள். சந்தை வாசலில் யாராவது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தால் போதும், ஒரு பிளம் பழத்தை வகிர்ந்து கத்தி முனையில் நீட்டிவிடுவாள். "சாப்டுப் பாருங்க, சும்மாதான். மூட்டு வலியா? எங்க எறங்கியிருக்கீங்க?" பழம் வாய்க்குள் போவதற்குள் தன் வீட்டு அறையை வாடகைக்குப் பேசி முடித்திருப்பாள்.

நேராக நடந்து வருகிறவர்கள் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. "அதுங்க ரெண்டு நாள் கூத்தடிச்சிட்டுப் போயிடும். மெத்தையில ஒயினைக் கொட்டும். நொண்டிதான் மூணு வாரம் இருப்பான், வெந்நீர்ல ஊறிட்டு வந்து பொணமாட்டம் தூங்குவான்."

அவள் காய்கறிக் கடைக்கு அடுத்தது என் தேன் கடை. என் தேனைச் சர்க்கரைத் தண்ணீர் என்று என் வாடிக்கையாளர்களிடமே சொல்வாள். மஞ்சள் மிளகாய்களை எல்லாம் காம்பு ஒரே திசையில் இருக்கும்படி அடுக்குவாள். யாராவது தொட்டுக் கலைத்தால் புறங்கையில் ஒரு தட்டு விழும். ஜூலை வெயிலோ அக்டோபர் மழையோ, உடம்பில் அம்ப்ருஷின் பழைய கோட்டு. அம்ப்ருஷ் அவள் புருஷன், மூட்டு வலிக்காரர்கள் ஊற வரும் எங்கள் ஊர் வெந்நீர் ஊற்றுக் குளியல் மாளிகையில் நுழைவுச்சீட்டுக் கிழித்தவர், எனக்குச் சீட்டாட்டக் கூட்டாளி. தக்காளிக் கூடைக்கு மேலே ஒரு அட்டை தொங்கும். ஹங்கேரிய மொழியிலும் ஜெர்மனிலும் எழுதியிருப்பாள்: அறை உண்டு.

ஹங்கேரியில் மற்ற ஊர்கள் எப்படியோ, எங்கள் ஊர் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளும் ஊர். மே பிறந்தால் வீட்டை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு நாங்கள் கொல்லைப்புறத்துக் கோடை அடுக்களைக்குக் குடிபோவோம். அடுப்புக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் இரண்டு கட்டில். நவம்பரில் கல்லறைத் திருநாள் சமயத்தில்தான் திரும்ப வீட்டுக்குள் நுழைவோம். கல்யாணமா, கண் ஆபரேஷனா, அண்ணன் தம்பி சண்டையா, எல்லாம் சீசன் முடிந்துதான். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை, இந்த வருஷம் வரைக்கும்.

இந்த வருஷம் அம்ப்ருஷுக்கு நுரையீரல் போய்விட்டது. பனிக்காலத்தைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் எதெல்காவிடமே சொல்லிவிட்டார். அம்ப்ருஷ் கேட்டது ஒன்றே ஒன்று. தெருப்பக்க அறையில், ஜன்னலோரம், தன்னுடைய கட்டிலில் படுக்கவேண்டும். கோடை அடுக்களையிலிருந்து அந்தக் கட்டிலுக்கு முற்றத்தைத் தாண்டினால் போதும். ஆனால் கட்டிலில் ஒரு விருந்தாளி இருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவங்க கிளம்பட்டும்" என்றாள் எதெல்கா. அம்ப்ருஷ் தலையாட்டினார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமைச் சந்தையில், ஜெர்மனியில் லைப்சிக் நகரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி கைத்தடியோடு விந்தி விந்தி வந்தாள். கத்தி முனையில் பிளம் நீண்டது. "நாளைக்குக் காலியாகுது, தெருப்பக்கம், நல்ல வெளிச்சம், அருமையான கட்டில்" என்று எதெல்கா சொல்வது என் காதில் விழுந்தது. அந்தம்மா நகர்ந்ததும் கையிலிருந்த தேன் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அது அம்ப்ருஷுக்குன்னு சொன்னியே!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வாய் தானா சொல்லிடுச்சு, தேன்காரா. முழங்காலைப் பார்த்ததும் சொல்லிடுச்சு."

"கூப்பிட்டு இல்லைன்னு சொல்லு."

"சொன்ன வார்த்தையை எப்படி மாத்துறது? மூணே வாரம். அப்புறம் குளிர்காலம் பூரா அவருக்குத்தான்."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. மிளகாய்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். அப்படியும் காம்புகள் நாலா பக்கமும் கிடந்தன.

புதன்கிழமைச் சந்தையில் அவள் யாருக்கும் பழம் நீட்டவில்லை. நொண்டிகள் அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் பக்கம் திரும்பினாள்.

"தெனமும் கேப்பாரு, எப்போ வீட்டுக்குப் போறோம்னு. எரிச்சலா வரும். ரெண்டு நாளா கேக்கறதில்ல." கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். "கேக்காம இருக்கறது பயமா இருக்குய்யா."

கத்தியைத் தக்காளிக்கு நடுவில் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். கடையைக் கூட மூடவில்லை. பின்னாலேயே நானும் ஓடினேன்.

விருந்தாளியை வெளியே போகச் சொல்லி எதெல்காவுக்குப் பழக்கம் இல்லை. தெருப்பக்க அறை வாசலில் நின்று, தெரிந்த கொஞ்சம் ஜெர்மனில் திக்கினாள். "அம்மா, தயவுபண்ணி... என் வீட்டுக்காரர். உடம்பு முடியல. இது அவர் கட்டில்."

லைப்சிக் பெண்மணி படித்துக்கொண்டிருந்த பத்திரிகையை மெல்ல மடித்தாள்.

"பின்னாடி ராத்திரியெல்லாம் இருமறது அவரா? நான் யாரோ வேலைக்காரர்னு நினைச்சேன்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பின்னாடியே படுத்திருப்பேனே."

எதெல்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

அம்ப்ருஷை நாற்காலியோடு தூக்கினோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் எதெல்கா. லைப்சிக் பெண்மணி கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையணையைச் சுமந்து வந்தாள். சீட்டாட்ட நாட்களில் உட்கார்ந்தாலே நாற்காலி முனகும் ஆள் அவர்; இப்போது கனமே இல்லை. முற்றத்தைத் தாண்டும்போது, "மெதுவா, மெதுவா, சீசன் நேரம், கீழ போட்டுடாதீங்க" என்றார். சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

உள்ளே எதெல்கா முன்னால் ஓடி விரிப்பை மாற்றியிருந்தாள். அவசரத்திலும் கை தன் வேலையைப் பார்த்திருந்தது. கால்மாட்டில் நான்காக மடித்த துண்டு, அதன் மேல் காகிதம் பிரிக்காத சின்ன சோப்பு, விருந்தாளிகளுக்கு வைப்பதுபோலவே.

அம்ப்ருஷைப் படுக்கவைத்தோம். ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அந்தச் சோப்பைப் பார்த்தார். கை நீட்டி எடுத்து முகர்ந்தார்.

"நல்ல அறை" என்றார் மூச்சு வாங்க. "எத்தனை நாள் தங்கலாம், எதெல்? எப்போ காலி பண்ணணும்?"

அவர் வேடிக்கைக்குக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதெல்கா சோப்பை அவர் கையிலிருந்து வாங்கினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். வெளியே பட்டப்பகல். அவள் தக்காளியைக் கேட்பாரில்லாமல் யார் யாரோ பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவள் குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் சுவர்ப்பக்கமாக ஏறி, புருஷனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.