மாமா பார்த்த கப்பல்

எங்கள் சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் கடலைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. அதனால் மாமா கடலைப் பற்றி எது சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது. மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். தூத்துக்குடிக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போகும் லாரிக்கு டிரைவர். யுத்தம் முடிந்த பிறகும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு தீராமல், பின்னால் கரியடுப்புக் கட்டி ஓட்டிய லாரி அது. வாரம் ஒருமுறை முகமெல்லாம் கரியோடு எங்கள் வீட்டுக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கப்பலைப் பற்றிச் சொல்லுவார்.

அது அப்பா ஏறி வந்த கப்பல். அப்பா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தார். அங்கே குண்டு விழ ஆரம்பித்ததும், கப்பலில் இடம் கிடைத்துவிட்டது, புறப்படுகிறேன் என்று ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பிறகு கடிதமும் வரவில்லை, அவரும் வரவில்லை. அப்போது எனக்கு நாலு வயது. நான் சொல்லப்போவது என் ஒன்பதாவது வயதில் நடந்தது.

மாமா சொன்னபடி அந்தக் கப்பல் மூழ்கவுமில்லை, கரைக்கு வந்து சேரவுமில்லை. அமாவாசைக்கு அமாவாசை பொழுது சாயும் நேரத்தில் தூத்துக்குடிக்கு நேரே தூரத்தில் தெரியும். விளக்கு இருக்காது, புகை இருக்காது, சின்னச் சத்தம்கூட இருக்காது. மேல்தட்டில் ஆட்கள் வரிசையாகக் கரையைப் பார்த்து நிற்பார்கள். மீன்பிடிக்கிறவர்கள் படகைக் கிட்டக் கொண்டுபோனால், போகப் போக அதுவும் விலகிப் போகும்.

“நீ பாத்தியாலே?” என்று அம்மா கேட்பாள்.

“பாத்தேம்லா அக்கா. இந்தக் கண்ணால பாத்தேன். அத்தான் மாதிரியே ஒருத்தர் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்காவ.”

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று சாயங்காலம் அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொள்வதில் ஒரு அக்கறை தெரியும்.

எனக்கு மட்டும் அந்தக் கப்பல் என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவள், “அப்படின்னா அது பேய்க்கப்பலுட்டி. அதுல நிக்கது பூராம் பேய்தான்” என்று சொல்லியிருந்தாள். கம்பியைப் பிடித்து நிற்கிறவர் அப்பா என்றால் அப்பாவும் பேய்தானே? ஒருநாள் அந்தக் கப்பல் வழி தெரிந்து கரைக்கு வந்துவிட்டால்? அப்பா தூத்துக்குடியில் இறங்கி, பஸ் ஏறி, எங்கள் ஊரில் வந்து இறங்குவார். அவருக்குக் கால் இருக்குமா, இருக்காதா? பஸ் வந்து நிற்கும் இடத்தை ஒதுக்கி, சுற்றுவழியில்தான் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

பயம் கூடக்கூட மாமாவின் பேச்சைக் கூர்ந்து கேட்க ஆரம்பித்தேன். ஒருமுறை கப்பலுக்கு மூன்று புகைபோக்கி என்றார், அடுத்தமுறை இரண்டு என்றார். ஐந்து வருஷமாகச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். “அவியளுக்குப் பசிக்காது மக்கா” என்றார். ஏன் பசிக்காது என்று கேட்டேன். அம்மா என்னைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள்.

கப்பல் பேச்சு பிடிக்காத இன்னொருவர் பெரியப்பா. அப்பாவுக்கு மூத்தவர், கரிவலம்வந்தநல்லூரில் விவசாயம். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஐந்து வருஷம் ஆகிவிட்டது, இனியும் காரியத்தைத் தள்ளிப்போட்டால் தம்பியின் ஆத்மா அந்தரத்தில் நிற்கும் என்று சொல்லுவார். உடனே மாமா போன அமாவாசைக்குக் கப்பல் தெரிந்ததைச் சொல்லுவார். பெரியப்பா முனகிக்கொண்டே செருப்பைத் தேடுவார். ஒருத்தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லும் ஆளுக்குக் கருமாதி செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை.

வாரச் சந்தைக்குத் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு அம்மாள் கருவாடு கொண்டுவருவாள். அவள் புருஷன், பிள்ளைகள் எல்லோருக்கும் கடலில்தான் தொழில். அம்மா வாடிக்கையாக அவளிடம்தான் வாங்குவாள். ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா என்னை மட்டும் சந்தைக்கு அனுப்பினாள். நான் கருவாட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றேன்.

“என்ன மக்கா?”

கப்பலைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“அப்படி ஒரு கப்பலும் கெடையாது. எங்க வீட்டு ஆம்பளைய தெனம் கடலுக்குப் போறாவ, ஒருத்தரும் பாத்ததில்ல.” பிறகு மெதுவாக, “ஒங்க அம்மையும் இதத்தானே கேட்டா. அப்பமே சொன்னேனே. ரெண்டு வருசம் இருக்கும்” என்றாள்.

பாவம், அம்மா மறந்துவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை. சந்தையிலிருந்து ஓடியே வந்தேன். பேய்க்கப்பல் பொய் என்றால் அப்பா பேயில்லை. பேயில்லை என்றால் மனுஷர். எங்கோ உயிரோடு இருக்கிறார், ஒருநாள் காலோடு நடந்து வருவார். ஐந்து வருஷத்தில் யாருக்கும் தோன்றாத இந்தக் கணக்கு எனக்குத் தோன்றிவிட்டதே என்று பெருமையாக இருந்தது. அன்று பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் வந்தேன்.

உடனே சொல்லவில்லை. நாலுபேர் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பெரியப்பா குடும்பத்தோடு வந்தார். தெருவெல்லாம் கூட்டம், வீட்டுக்குள்ளும் கூட்டம். சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா பழைய பேச்சை எடுத்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு போன அமாவாசையை ஆரம்பித்தார்.

“மாமா சொல்லுதது பொய்” என்றேன். “கருவாட்டுக்கார அம்மாட்ட கேட்டேன். அங்கன அப்படி ஒரு கப்பலே இல்லையாம். எங்க அம்மைட்டயும் முந்தியே சொல்லிட்டாவளாம்.”

எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எச்சில் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

“இதுக்குமேல என்ன இருக்கு” என்றார் பெரியப்பா. பிறகு என்னைக் கூப்பிட்டு, உள்ளதைச் சொன்ன பிள்ளை என்று தலையைத் தடவினார். அன்று தேரடிக் கடையில் எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். அப்பா வரப்போவதற்காகத்தான் என்று நினைத்துத் தின்றேன்.

ஆவணியில் காரியம் நடந்தது. உடல் இல்லாததால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்தார்கள். அது யார் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். அவள் என் வாயைப் பொத்தித் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அம்மாவை நாலைந்து பெண்கள் உள்ளே கூட்டிப்போய், பிறகு வெள்ளைச் சேலையில் வெளியே கொண்டுவந்தார்கள். கப்பல்தானே பொய், இவர்கள் அப்பாவுக்கு ஏன் இதைச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ எதையோ தப்பாகக் கேட்டுவிட்டார்கள், நான் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அதன்பிறகு மாமா இரண்டு மாதம் வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் வந்தார். குளித்தார், சாப்பிட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரே உட்கார்ந்து சுளகில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே அம்மா கேட்டாள்.

“இந்த அமாவாசைக்குத் தெரிஞ்சுதாலே?”

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

“தெரிஞ்சுது அக்கா” என்றார்.

“சொல்லு.”

மாமா சொல்ல ஆரம்பித்தார். அம்மாவின் கை பயறில் அப்படியே நின்றுவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பொய்யை இப்படிக் கேட்கிறாளே என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.