மூக்குக்குப் போன கை

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திற்பரப்புக்கு மேலே மலையில் எலுமிச்சைப்புல்லிலிருந்து புல்தைலம் காய்ச்சும் இடத்தில் அடுப்பெரித்துக்கொண்டிருந்தபோது, தைலம் வாங்க வந்த ரசாயன ஆராய்ச்சியாளர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மிஷன் பள்ளியில் படித்து, சென்னைக்கும் பிறகு சீமைக்கும் போய் வந்தவர். கொட்டாரம் ஊரில் வயலோரமாக ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்து, முன்கட்டை ஆராய்ச்சிச்சாலை ஆக்கியிருந்தார். குடுவை கழுவுவதும் அடுப்பைக் கவனிப்பதும் என் வேலை. சோறும் கிடைத்தது, படுக்க இடமும் கிடைத்தது. அதற்கு முன் நான் இருந்த இடங்களில் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

ஐயா புல்தைலத்திலிருந்து பூமணம் வீசும் திரவம் ஒன்றைச் செய்தார். சில வருடங்கள் அந்த வேலைதான். தைலக்காரனுக்கு மூக்குதான் கருவி. ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தால் நல்ல சரக்கா கலப்படமா என்று தெரிந்துவிடும். ஐயாவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. குடுவையில் எது இறங்கினாலும் முதலில் மூக்கு, அப்புறம்தான் தராசு.

பிறகு பாஸ்பரஸ் பக்கம் திரும்பினார். அதை எரிசாராயத்தோடு பிணைத்து, யாரும் செய்யாத பொருள் ஒன்றைச் செய்து சீமைக்கு எழுத வேண்டும் என்பார். தண்ணீருக்குள் கிடக்கும் அந்தக் கட்டி வெளியே எடுத்தால் தானாகப் புகையும். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் நான் கதவை ஒட்டியே நிற்பேன். ரோட்டோரத்துக் காப்பிக்கடைக்காரருக்கோ அது கேலி. "என்னவே, உங்க ஐயா பொன்னு காய்ச்சியாச்சா? என் பெண்டாட்டிக்கு ஒரு கம்மலுக்குத் தாரும்."

ஒரு நாள் உச்சிவேளையில் நிறமில்லாத திரவம் சில துளி இறங்கியது. ஐயா முகர்ந்தார். பழவாசனை என்று சொல்லி என்னிடம் நீட்டினார். கையெல்லாம் சாம்பலாக இருந்ததால் நான் கிட்டப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"எடே, மானம் மூடிட்டா? விளக்கைப் பொருத்து."

வெளியே களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"வெயிலு கொளுத்துதே ஐயா."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அப்போ எனக்குத்தான்" என்றார்.

கண்மணி இரண்டும் கடுகளவு சுருங்கியிருந்தன. மூச்சு இழுத்தது, வாயில் நீர் வடிந்தது. நானும் அவர் மனைவியும் தாங்கிப் பிடித்து வேப்பமரத்துக் காற்றில் உட்கார வைத்தோம். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று சொல்லிப் போனார். அந்தக் குடுவையைக் கழுவியவன் நான். சாயங்காலம் எனக்கும் பார்வை மங்கலாகத் தெரிந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

நாலைந்து நாளில் இருவருக்கும் கண் தெளிந்தது. உடனே ஐயா மறுபடியும் அதைச் செய்யக் கிளம்பினார். இரண்டாம் முறை செய்து காட்டாததை எவனும் நம்பமாட்டான் என்றார். "கண்ணு போனா பிறவு என்னத்த ஆராயப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். அன்று எனக்கு ஒரே வேலை.

"என் கையை மட்டும் பாரு. மேல போனா பிடிச்சிரு."

துளிகள் கண்ணாடிக் குழாயில் இறங்கின. அவர் முகம் மலர்ந்தது. பிள்ளையை உச்சி முகரத் தூக்குவது போல, குழாயைப் பிடித்த கை மெல்ல மேலே எழும்பியது. நான் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஏன்டே பிடிச்சே? நான் தூக்கலியே."

குழாய் அவர் தாடைக்கு நேரே இருந்தது. அதை அவரும் கண்டார். அந்தத் துளிகளை, விஷத்தை முறிக்க வைத்திருந்த காரத்தண்ணீர் வாளியில் அவரே கொட்டினார். "இது எனக்குத் தோதுப்படாது" என்றார். அதற்குப் பிறகு தைலத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

அன்று அந்தியில் ரோட்டுக்கு வந்தேன். மருந்துவாழ்மலை மங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிறதா, என் கண்ணா என்று தெரியாமல் அப்படியே நின்றேன். காப்பிக்கடைக்காரர் விளக்கேற்றிய பிறகுதான் கால் நகர்ந்தது.