ஐத்தப்பா மரத்திலிருந்து விழவில்லை

புத்தூர்ப் பக்கத்துக் கமுகந்தோட்டங்களில் ஐத்தப்பா முப்பத்தொரு வருஷமாக ஏறுகிறார். ஒரு மரத்தில் ஏறி, உச்சியை வளைத்து ஆட்டி, தரையைத் தொடாமலே அடுத்த மரத்துக்குத் தாவிவிடுவார். ஒருநாளும் விழுந்ததில்லை. ஒருதரம் விழுந்தவனை எங்கள் ஊரில் அப்புறம் யாரும் மரத்தில் ஏற்றுவதில்லை. ஆகவே விழாதவர் என்ற பெயர்தான் அவருக்குச் சோறு போட்டது, மீசையையும் முறுக்கிவிட்டது.

அப்படிப்பட்டவர், மழைக்கு முன்னால் மருந்தடிக்கிற அவசரக் காலத்தில், விடிகாலையில் பட்டரின் தோட்டத்துக்கு வெளியே ரோட்டில் கிடந்தார். தலைக்கு மேலே, ரோட்டுப் பக்கம் சாய்ந்தாற்போல் பட்டரின் கமுகு ஒன்று நின்றது.

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் ஆஸ்பத்திரியில்.

டாக்டர் நாயக் மூக்காலேயே பேசுவார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "வழுக்குனா இப்படி ஆகாதுய்யா. கணுக்கால் மேல உக்கார்ற எலும்பு பீங்கான் தட்டு மாதிரி நொறுங்கிக் கெடக்கு. பத்தடிக்கு மேலேர்ந்து, நட்டமா, பாதம் ஊன வந்து இறங்கியிருக்கே. எங்கேர்ந்து?"

"வழுக்கி" என்றார் ஐத்தப்பா.

காலுக்கு வெளியே நாலு இரும்புக் கம்பி, நட்டு, போல்ட்டு. மூன்றாம் நாள் ஊரே கட்டிலைச் சுற்றி நின்றது. சைக்கிள் கடை மோனு அந்தக் கம்பியைத் தட்டிப் பார்த்து, "ஒரு நட்டு லூசா இருக்கே, பத்தாம் நம்பர் ஸ்பானர் கொண்டாரவா?" என்றான். நர்ஸ் அவனை விரட்டினாள்.

"மரத்துலேர்ந்துதான் விழுந்திருக்கான். கௌரவத்துக்கு மறைக்கிறான்" என்று முணுமுணுத்தார்கள்.

பட்டர் இருமலும் பேச்சும் கலந்து குதித்தார். "என் மரம் யாரையும் தள்ளாது! க்ஹும்!" கூட்டத்தில் நின்ற இன்னொரு மரமேறியிடம் திரும்பினார். "பத்ம செட்டி, இனிமே நீ ஏறு. இவன் வேண்டாம்."

ஐத்தப்பாவின் மீசை சரிந்தது. மனைவி பாகியைப் பார்த்தார். அவள் தலையில் பழைய மல்லிகைச் சரம் வாடிக் கிடந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"பஞ்சுருளி தெய்வத்து மேல ஆணை! மரத்துலேர்ந்து இல்ல. மதில்லேர்ந்து. பட்டர் வீட்டு மல்லிகையப் பறிச்சிட்டு, எப்பவும் போல வெளிய குதிச்சேன்."

"எப்பவும் போலன்னா?" பட்டரின் இருமல் நின்றுவிட்டது.

"பத்து வருஷமா. பின்வழியா தோட்டத்துல நுழைவேன். இருட்டு பிரியறதுக்குள்ள மதில் மேலேர்ந்து ரோட்டுக்குக் குதிப்பேன். கால் தானாவே குதிக்கும்."

பாகி எழுந்துவிட்டாள். "பாவி மனுஷா! சந்தையில வாங்கினதுன்னு சொன்னியே! அத வெச்சிக்கிட்டு சாரதக்கா முன்னாடியே போய் நின்னேனே!"

கஞ்சிப் பாத்திரத்தோடு வந்திருந்த சாரதக்கா, பட்டரின் மனைவி, சிரித்தாள். "எனக்குத் தெரியும் பாகி. தெனம் எனக்கும் ரெண்டு மொட்டு விட்டுட்டுப் போவான். மரியாதைக்காரன்."

"கேளுங்கடா!" பட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது நாலடி மதில்தானே? நாலடிக்கு இப்படியா நொறுங்கும்?"

"உள்ளதான் நாலடி. இவன் குதிச்சதுக்கு மொத நாள்தானே ரோட்டை வெட்டித் தாழ்த்தினாங்க? வெளிய இப்போ பன்னெண்டு" என்றாள் சாரதக்கா.

"ஐயோ" என்றார் ஐத்தப்பா. "அதான் தரை வரவே இல்ல. போயிக்கிட்டே இருந்தேன்."

"அப்போ கணக்கு சரி" என்று டாக்டர் திருப்தியாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். "மதிலிலிருந்து விழுந்து..."

ஐத்தப்பா கட்டிலில் பாதி எழும்பிவிட்டார். கம்பிகள் கிணுகிணுத்தன. "டாக்டரே! திருடன்னு வேணா போடுங்க. விழுந்தான்னு போடாதீங்க. குதிச்சேன்!"

டாக்டர் அடித்து, திருத்தி எழுதினார். ஐத்தப்பா அதை உரக்கப் படிக்கச் சொன்னார். இரண்டு தரம்.

பட்டர் ரொம்ப நேரம் இருமினார். பிறகு பத்ம செட்டியிடம், "இந்த வருஷம் மட்டும் நீ ஏறு. இவன் கால் ஒட்டினதும் வரட்டும்" என்றார். கட்டில் பக்கம் திரும்பி, "வாசல் வழியா வா, திருட்டுப்பயலே" என்றார்.

ஐத்தப்பா மீசையைத் தேடிப் பிடித்து முறுக்கினார்.