அழிந்த உலகத்தில் ஒரு பெரட்டு

ஜின்சனுக்குக் கொச்சியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு இன்னும் விளங்காது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு வசனம் எழுதுகிறான். அந்த விளையாட்டில் உலகம் அழிந்துபோயிருக்கும். விளையாடுகிறவன் தப்பிப் பிழைத்த ஓர் ஆளாக மாறி, இடிந்த ஊர்களில் சுற்றி, எதிர்ப்படுகிறவர்களோடு பேச வேண்டும். அவர்கள் பேச்சு சிரிப்பாக இருக்க வேண்டும். அழிவை மட்டும் காட்டினால் ஆள் மூடிவைத்துவிட்டுப் போய்விடுவானாம். அவனுடைய மேலதிகாரி ஷிஜி சொல்லிக்கொடுத்த பாலபாடம் இது.

சிரிப்புக்கு எங்களிடம் பஞ்சமா? கூரை ஒழுகினால் கம்பெனி ஷவர் போட்டுக் கொடுத்திருக்கிறது என்போம். ஜின்சன் அதையெல்லாம் எழுதியே பேர் வாங்கினான்.

அவன் அப்பா ஏசுதாஸ் செத்த கதையைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டு உண்டு. எல்லோரும் களத்தில் நிற்க, கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். புருஷன் வரத் தாமதமானால் பெண்டாட்டி, இருக்காரு என்பாள். பெண்டாட்டி தாமதமானால் புருஷன் குரலை மெலிதாக்கி, இருக்கேன் என்பான். கங்காணிக்கும் தெரியும். சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஏசுதாஸும் அவர் மனைவி மதலேனம்மாளும் இதில் பெரிய கில்லாடிகள்.

ஒரு வருஷம் அடித்த பெருமழையில் மேட்டு லயத்தின்மேல் மலை இறங்கியது. பிழைத்த எங்களை ஸ்கூலில் கொண்டுபோய் வைத்தார்கள். காலையில் ஒரு ஆபீசர் வந்து, யாரைக் காணோம் என்று அறியப் பெயர் கூப்பிட்டார். மண் சரிவதற்குக் கொஞ்சம் முன்னால் மேட்டுக் கொட்டகையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கப் போன ஏசுதாஸ் திரும்பியிருக்கவில்லை. எப்படியும் வந்துவிடுவார் என்று மதலேனம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள். பெயர் காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இருக்காரு சார்."

எங்கள் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பழக்கம் அப்படி. தேடுகிறவர்கள் கொட்டகைப் பக்கம் போகவேயில்லை. சாயங்காலம் அவள் அலறத் தொடங்கியபோது, மழை வலுத்துத் தோண்டுவதையே நிறுத்தியிருந்தார்கள். மறுநாள்தான் எடுத்தார்கள். அன்றைக்கே தோண்டியிருந்தால் உயிர் இருந்திருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவளை உள்ளுக்குள்ளேயே அரித்தது. அவள் காதுபட நாங்கள் அதைப் பேசியதில்லை.

ஜின்சனும் பேசவில்லை. ஆனால் எழுதிவிட்டான். விளையாட்டில் ஒரு இடிந்த லயம். துருப்பிடித்த மிஷின் ஒன்று செத்தவர்களின் பெயரைக் கூப்பிடுகிறது. ஒரு கிழவி தனியாக நின்று, ஒவ்வொரு பெயருக்கும் குரலை மாற்றி, இருக்கேன் இருக்கேன் என்கிறாள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் காட்சியின் வீடியோ போன் போனாகச் சுற்றியது. அம்மா கண்ணில் மட்டும் பட்டுவிடக்கூடாதே என்று ஜின்சன் பயந்துகொண்டிருந்தான். பட்டுவிட்டது. தங்கை பின்சி போன் செய்து, அம்மா அதைப் பார்த்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றாள். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டான்.

அடுத்த வீட்டுக்காரன் நான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "பெத்தவ வயித்தெரிச்சல வித்துத் திங்கியே, வெக்கமா இல்ல?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"சிரிக்க வைக்காம அத என்னால சொல்ல முடியல மாமா," என்றான். கண் கலங்கியிருந்தது. அவனோடு உள்ளே போனேன்.

மதலேனம்மாள் அவனைத் திட்டவில்லை. பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, "அந்த வெளையாட்டப் போடு," என்றாள். அவன் லேப்டாப்பைத் திறந்தான். கிழவி ஆண்குரலில் பதில் சொன்ன இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறியது.

"ஏய்யா, இவ பதில் சொல்லாம இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதும்மா. மிஷினு திரும்பவும் கூப்பிடும்."

"ஆளக் காணோம்னு தேடிப் போக மாட்டாகளா?"

"அப்படி எழுதலம்மா."

திரையில் கிழவி அடுத்த பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மதலேனம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுய்யா. அவ வாயப் பொத்திட்டு நிக்கட்டும். ஒரு தடவையாவது போயித் தோண்டட்டும்."