பச்சை மீனும் நார்த்தங்காய் ஊறுகாயும்

சமைத்ததைப் பரிமாறுகிறவனுக்கு உப்பு, காரம் பற்றித்தான் திட்டு விழும். சமைக்காததைப் பரிமாறுகிறவனுக்கு எதற்கு வேண்டுமானாலும் விழும். ஓட்டலில் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் மனைவி வசந்தாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் ஊர்க் கதிர்காமத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். காலையில் மீனை நான் வேலை பார்த்த ஓட்டலில் இறக்கிவிட்டுப் போயிருந்தேன். "இன்னிக்கு என்ன மீனு?" என்றாள். வஞ்சிரம் என்றேன். "கண்ணு தெளிவா இருந்துதா?" இருந்தது என்றேன். "அப்பக் கெளம்புய்யா. சாப்பாட்டுக்கு ஆளுங்க வந்துடுவாங்க." கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். மீன் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். நானும் கிளம்பினேன். அவள் அனுப்பித்தான் போனேன் என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

மில் வேலை போன பிறகு நான் சேர்ந்த இடம் அந்த ஓட்டல். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், முற்றம் வைத்த பழைய வீட்டில், கெய்கோ அம்மா என்ற ஜப்பான்காரர் நடத்திய பச்சை மீன் சாப்பாட்டுக் கடை. மதியம் மட்டும்தான். அங்கே ஒருநாள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது வசந்தாவின் ஆசை. அதற்கு ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஓட்டலிலோ, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்குச் சோறு.

தட்டுக்குத் தெளித்த தண்ணீர்

பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை அவர் மகன் அழைத்துவந்தான். ஜப்பான் கம்பெனியில் வேலை கிடைத்திருந்ததாம். அப்பாவுக்கு அந்த ஊர்ச் சாப்பாட்டைக் காட்ட வேண்டுமாம். முதலில் விளிம்பில்லாத கறுப்புத் தட்டு வைத்தேன், பக்கத்தில் பச்சைத் தேநீர். பெரியவர் கோப்பையை எடுத்து, தேநீரைக் கையில் ஊற்றித் தட்டு முழுக்கத் தெளித்து, வழித்துத் தரையில் விட்டார். வாழையிலைக்குச் செய்வது போலவே, சுத்தமாக. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

துடைத்துவிட்டு மீன் துண்டுகளை அடுக்கினேன். அவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெதுவாகத் திரும்ப வைத்தார். என்மேல் இரக்கப்பட்ட குரலில் சொன்னார்: "அடுப்பு ரிப்பேருன்னா வாசல்லயே சொல்லியிருக்கலாமேப்பா. நாங்க சாயங்காலமா வந்திருப்போம்."

மைத்துனரின் வருத்தம்

எங்களுக்கு மீன் கொடுத்தது வசந்தாவின் தம்பி சிங்காரம். கரையில் யாரும் அவனிடம் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. கெய்கோ அம்மா ஒவ்வொரு மீனாகக் கையில் எடுப்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். வயிற்றை அமுக்குவார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். பிறகு தலையை ஆட்டி, பாதியைக் கூடையிலேயே திரும்பப் போடுவார். அதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. அந்தப் பொறுப்பில் நானும் ஒரு மீனை வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

சிங்காரம் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னான்: "மாமா, எங்க அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீ இவ்ளோ நேரம் பாக்கலியே!"

கோட்டுப் பைக்குள் என்ன?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வாரம் தவறாமல் வருவார். வெயிலிலும் கோட்டுத்தான். மீனை வைத்ததும் இரண்டு பக்கமும் பார்ப்பார். பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுப்பார். எலுமிச்சை ஊறுகாய்.

ஒருநாள் கெய்கோ அம்மா பார்த்துவிட்டார். கடையை விட்டே அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு துண்டு மீனில் அதைத் தொட்டுத் தின்றுவிட்டு, "உப்பு அதிகம். வேற ஊறுகாய் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். மறுநாள் வசந்தா போட்ட நார்த்தங்காயைக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து மேசைக்கு மேசை அது போயிற்று. சொல்தா மட்டும் வருத்தப்பட்டார்: "மிசியே, திருட்டுத்தனமாத் தின்னப்ப இருந்த ருசி இதுல இல்ல."

வசந்தா உட்கார்ந்தாள்

புரட்டாசியில் பாதி ஊர் மீன் தொடாது. மேசைகள் காலியாகக் கிடந்த ஒரு மதியம், "ஊறுகாய் அம்மா வரணும்" என்று கெய்கோ அம்மா சொல்லியனுப்பினார். வசந்தா கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அன்று காலை அவள் தம்பி பிடித்த வஞ்சிரத்தை நானே கொண்டுவந்து வைத்தேன். அவள் கை மடியை விட்டு எழவில்லை.

"நீ சாப்டியா?"

"வேலை நேரத்துல எப்படி சாப்புடறது?"

"அப்ப நானும் அப்பறமாவே சாப்புடறேன்."

ஆசைப்பட்டு வந்தவள் சாப்பிடாமலே போய்விடுவாள் போலிருந்தது. கெய்கோ அம்மா உள்ளிருந்து வந்தார். மீன் சூடேறுவது அவருக்குப் பொறுக்காது. எங்களிடம் கற்ற தமிழில், என்னைக் காட்டிச் சொன்னார்: "இங்க இவர் புருஷன் இல்ல. சர்வர்."

வசந்தா என் இடுப்பில் கட்டியிருந்த சர்வர் துணியையும் கையிலிருந்த ட்ரேயையும் ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சாப்பிட வைத்திருந்த குச்சிகளை ஒதுக்கிவிட்டு, ஒரு துண்டைக் கையால் எடுத்துத் தன் ஊறுகாயில் தொட்டு வாயில் போட்டாள். மென்றாள். எந்த வாடிக்கையாளர் முகத்தையும் நான் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. கடைசித் துண்டு வரைக்கும் தின்று முடித்தாள். பிறகு, ஓட்டலே கேட்கும்படி: "என்னய்யா சும்மா நிக்கிற? இன்னொரு தட்டு கொண்டா!"

கெய்கோ அம்மா கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது அந்தக் கறுப்புத் தட்டுகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஊர்ப்பட்ட பேருக்குப் பரிமாறிய எனக்கு மிச்சம் அது ஒன்றுதான், அதிலும் ரசம் நிற்காது.